கோவை யாருடைய கோட்டை? 2021, 2022, 2024 மூன்றும் மூன்று கதை சொல்கின்றன

நொய்யல்கரை:
2021 சட்டமன்றத் தேர்தலில் மாநிலமே திமுக பக்கம் சாய்ந்தபோதும், கோவை மாவட்டத்தின் 10 தொகுதிகளும் அதிமுக கூட்டணிக்கு. ஒரு வருஷம்கூட ஆகவில்லை, 2022 மாநகராட்சித் தேர்தலில் 100 வார்டில் 96 திமுக கூட்டணிக்கு. 2024ல் எம்.பி.யும் திமுக. ஊர் நிஜமாக எந்தப் பக்கம்ங்க? வாக்குச்சாவடி வாரியாகப் பார்க்க வழி உண்டா?

கணக்குப்பிள்ளை:
ஜெயிச்ச சீட்டை மறந்துட்டு விழுந்த ஓட்டைப் பாருங்க. கோவை மக்களவையில் பாஜக: 2014ல் 3,89,701, 2019ல் 3,92,007, 2024ல் 4,50,132. சதவீதத்தில் 33.6, 31.3, 32.8. மூணு தடவையும் கூட்டணி வேற. 2014ல் தேமுதிக, பாமக, மதிமுக கூட. 2019ல் அதிமுகவே கூட. 2024ல் அதிமுக எதிரே. கூத்து என்னன்னா, அதிமுக கூட நின்னப்பதான் சதவீதம் குறைவு.

இலை ஓட்டு அப்படியே தாமரைக்குப் போகாதுன்னு காட்ட சூலூர் போதும். 2019 ஏப்ரலில் மக்களவை ஓட்டு, மே 19ல் சட்டமன்ற இடைத்தேர்தல். ரெண்டுக்கும் ஒரே நாளில் எண்ணிக்கை. சூலூரை உள்ளடக்கின மக்களவைத் தொகுதி மார்க்சிஸ்டுக்கு, சூலூர் சட்டமன்றம் இரட்டை இலைக்கு.

எதிர்ப்பக்கம் இருக்கற திமுக கூட்டணியும் இதே மாதிரி உறைஞ்சுதான் கிடக்கு. 2019ல் மார்க்சிஸ்ட் பி.ஆர்.நடராஜன் 5,71,150, 2024ல் திமுகவின் கணபதி ராஜ்குமார் 5,68,200. இடையில பதிவான ஓட்டு ஒரு லட்சத்துக்கு மேல கூடியிருக்கு. 2019ல் தனியா 1,45,104 வாங்கின கமல்ஹாசனின் மக்கள் நீதி மய்யமும் கூட்டணிக்குள்ள வந்தாச்சு. எண்ணிக்கை மட்டும் நகரலை. 2024ல் பாஜகவின் அண்ணாமலை ஓட்டையும் அதிமுகவின் சிங்கை ராமச்சந்திரன் வாங்கின 2,36,490ஐயும் கூட்டி 6.86 லட்சம்னு காட்டறவங்க, 2019ஐ ஒருதரம் புரட்டிப் பார்க்கணும்: அப்ப ரெண்டு கட்சியும் ஒண்ணா நின்னும் 3.92 லட்சம்தான்.

நொய்யல்கரை:
சரிங்க, அப்ப அந்த 96?

கணக்குப்பிள்ளை:
2022ல் அதிமுகவும் பாஜகவும் தனித்தனியா நின்னாங்க. வார்டு சின்னது, பலமுனைப் போட்டி, அதுவும் உள்ளாட்சின்னா ஆளுங்கட்சிக்கு எப்பவுமே ஒரு கை தூக்கல். 96 வார்டுன்னா 96 சதவீத ஓட்டு இல்லை. இதே பாடம் 2021 கோவை தெற்கிலும் இருக்கு: பாஜகவின் வானதி சீனிவாசன் 53,209, கமல்ஹாசன் 51,481, காங்கிரஸ் 42,383. வித்தியாசம் 1,728. அதை "பாஜக தொகுதி"ன்னு எழுதறது அவசரம்.

படிவம்இருபது:
சாவடி வாரிக் கணக்குக்குத் தலைமைத் தேர்தல் அதிகாரி தளத்தில் 'படிவம் 20' எடுங்க. சட்டமன்றத் தொகுதிக்கு ஒண்ணு. கோவை மக்களவைக்கு ஆறு: பல்லடம், சூலூர், கவுண்டம்பாளையம், கோவை வடக்கு, கோவை தெற்கு, சிங்காநல்லூர்.

அதில் சாவடி எண் மட்டும்தான் இருக்கும், இடம் இருக்காது. அதே தேர்தலுக்கான வாக்குச்சாவடிப் பட்டியலைத் தனியா இறக்கி, எண்ணுக்கு நேரா பள்ளிக்கூடத்தின் பேரை எழுதிக்குங்க. பெரும்பாலானவங்க வழுக்கறது இங்கதான். 2019ன் 112ஆம் சாவடியும் 2024ன் 112ஆம் சாவடியும் ஒண்ணுன்னு நினைச்சு ஒப்பிடறாங்க. வாக்காளர் கூடினா சாவடியைப் பிரிப்பாங்க, துணைச்சாவடி வரும், பின்னாடி இருக்கற எண்ணெல்லாம் தள்ளிப்போகும். அதனால ஒரே பள்ளியில் இருக்கற சாவடிகளை மொத்தமாக் கூட்டி, பள்ளிக்குப் பள்ளி ஒப்பிடுங்க. தபால் ஓட்டு எந்தச் சாவடியிலும் சேராது, கடைசியில் தனி வரி. பக்கங்கள் ஸ்கேன் படமா இருந்தா 3ம் 8ம் குழம்பும். ஒவ்வொரு வரியையும் குறுக்கே கூட்டி மொத்தத்தோட சரிபாருங்க.

இன்னொண்ணு, சாவடி எண்ணிக்கையை வெச்சு "இந்தச் சாதி இப்படிப் போட்டுச்சு"ன்னு எழுதாதீங்க. படிவத்தில் சாதி கிடையாது. 1,000 பேர் ஓட்டுப்போடற சாவடியில் யார் எதுக்குப் போட்டாங்கன்னு அதை வெச்சுச் சொல்ல முடியாது.

பழையமில்லு:
எல்லைக்கோட்டையும் பாருங்க. மாநகராட்சி வேற, மக்களவைத் தொகுதி வேற. 2011ல் சேர்ந்த குறிச்சி, குனியமுத்தூர்ப் பக்கமெல்லாம் கிணத்துக்கடவு, தொண்டாமுத்தூர் தொகுதிகள் வழியா பொள்ளாச்சி எம்.பி.க்குத்தான் ஓட்டுப் போடுது. பல்லடம் மாநகராட்சிக்கு வெளிய இருந்தும் கோவை எம்.பி.க்கு. அதனால 2022ஐயும் 2024ஐயும் நேருக்கு நேர் வெச்சா தப்பாத்தான் வரும்.

2009க்கு முந்தின எண்களை இப்போதையதோட கலக்கவே வேண்டாம், அப்ப திருப்பூர் நகரமே கோவை மக்களவைக்குள்ள இருந்துச்சு. பனியன் கம்பெனி ஓட்டும் பஞ்சாலை ஓட்டும் ஒரே பெட்டியில்.

கோட்டைன்னு யாராவது சொன்னா இந்த வரிசையைக் காட்டுங்க. 1998ல், குண்டுவெடிப்புக்குப் பிறகு, பாஜகவின் சி.பி.ராதாகிருஷ்ணன் அதிமுக கூட்டணியில் ஜெயிச்சார். 1999ல் அவரே திமுக கூட்டணியில். 2004ல் இந்திய கம்யூனிஸ்ட் சுப்பராயன். 2009ல் நடராஜன் அதிமுக கூட்டணியில், 2019ல் அவரே திமுக கூட்டணியில். திமுக சொந்தச் சின்னத்தில் இங்க ஜெயிச்சது 1996க்கு அப்புறம் 2024லதான்.