லயத்துக்கு பிரிட்ஜ் வந்த கதை

இலங்கை மலையகத்து மூன்று ஊர்களிலிருந்து வந்த பிரிட்ஜ் கதைகள் இவை.

மஸ்கெலியாவிலிருந்து:

எங்கள் தாத்தா தேயிலைத் தோட்டத்துத் துரை பங்களாவில் சமையல்காரர். அங்கே மண்ணெண்ணெயில் ஓடும் பிரிட்ஜ் ஒன்று இருந்ததாம். விளக்கைக் கொளுத்தினால் ஐஸ் கட்டும் என்று அவர் சொன்னதைச் சின்ன வயதில் நான் நம்பவே இல்லை. பெரியவனாகிப் படித்த பிறகுதான் விளங்கியது. தண்ணீரில் கரைந்திருக்கும் அமோனியா சுடரின் சூட்டில் ஆவியாகப் பிரிந்து, மேலே போய் ஆறித் திரவமாகிறது. அது உள்குழாயில் மறுபடி ஆவியாகும்போது பெட்டிக்குள் இருக்கிற சூட்டை இழுத்துக்கொள்கிறது. மோட்டாரும் இல்லை, சத்தமும் இல்லை. 1922இல் ஸ்டாக்ஹோமில் பால்ட்சர் வொன் பிளாட்டன், கார்ல் முன்டர்ஸ் என்ற இரண்டு மாணவர்கள் கண்ட வழி இது.

தாத்தாவுக்கு அமோனியா தெரியாது, திரி தெரியும். விடிந்ததும் குனிந்து சுடரைத்தான் முதலில் பார்ப்பாராம். நீலமாக எரிந்தால் நிம்மதி. மஞ்சளானால் புகைக்குழாயில் கரி பிடித்து, சாயங்காலத்துக்குள் வெண்ணெய் இளகிவிடும். பெட்டி கொஞ்சம் சாய்ந்து நின்றாலும் குளிராது. மேலே சாசரில் தண்ணீர் வைத்து மட்டம் பார்த்து, காலுக்கடியில் பலகைத் துண்டு சொருகுவார். அப்படிப் பார்த்துப் பார்த்து வைத்தவரின் வீட்டில் மீந்த கறியை இரவில் ஒருதரம் சுண்டவைப்பார்கள், அவ்வளவுதான்.

லக்சபான நீர்மின்நிலையம் 1950இல் ஓடத் தொடங்கியது. காசல்ரீ, மவுஸ்ஸாகலை நீர்த்தேக்கங்கள் எங்கள் மலைகளுக்கு நடுவேதான் இருக்கின்றன. தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான எங்கள் லயத்துக்குக் கரண்ட் வந்ததோ தொண்ணூறுகளில். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

அண்ணன் கொழும்புக் கடையில் உழைத்து, பழைய பிரிட்ஜ் ஒன்றை வாங்கி அனுப்பினார். நாலு பேர் படியேற்றித் தூக்கி வந்தார்கள். அம்மா அதில் முதலில் வைத்தது துருவிய தேங்காய். மறுநாள் காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்குப் போகுமுன் தேங்காய் துருவும் வேலை இல்லை, ரொட்டியும் சம்பலும் சீக்கிரம் முடிந்தன. அம்மா அரை மணி நேரம் கூடுதலாகத் தூங்கியதை அன்றுதான் பார்த்தேன்.

நுவரெலியாவிலிருந்து:

“இந்தக் குளிருக்கு எதுக்கு பிரிட்ஜ்?” என்று எங்களைக் கேட்காதவர்கள் இல்லை. ஒரு ஜனவரியில், இஸ்தோப்பில் (முன் விறாந்தையில்) வைத்திருந்த எங்கள் பிரிட்ஜின் மேல்தட்டில் உறைந்திருந்த மீன் முழுக்க உருகி, தண்ணீர் தரையில் ஓடியது. பிரிட்ஜ் கெட்டுப்போச்சு என்றே நினைத்தோம். பிரிட்ஜ் திருத்துகிற பாஸ் வந்து பார்த்துச் சிரித்தார். குளிரை அளக்கும் கருவி கீழ்த்தட்டில் இருக்கிறதாம். இஸ்தோப்பே பனியாய்க் கிடந்தால், போதிய குளிர் இருக்கிறது என்று எண்ணி அது மெஷினை ஓடவிடாதாம். குசினிக்குள் அடுப்புக்குத் தள்ளி ஒரு மூலையில் வைத்தோம். அதற்குப் பிறகு உருகவில்லை.

ஹட்டனிலிருந்து:

எங்கள் வீட்டில் பிரிட்ஜ் என்றால் அம்மாவின் இன்சுலின்தான். 2022 மார்ச் கடைசியில் ஒரே நாளில் 13 மணி நேரம்கூட கரண்டை வெட்டினார்கள். ஐஸ்கட்டியோடு ஒட்டி வைக்காதீங்க, உறைந்தால் மருந்து வீண் என்று கிளினிக்கில் நர்ஸ் அக்கா சொல்லியிருந்தார். பெரிய மண்சட்டியில் ஈரமணல், அதற்குள் ஒரு சின்னச் சட்டி, அதில் பொலித்தீனில் சுற்றிய இன்சுலின் போத்தல், மேலே நனைத்த சாக்கு. காற்றுப்படும் ஜன்னலோரம் வைத்தோம். மூன்றாம் நாள் பக்கத்துக் காம்பராப் பெரியம்மாவும் தன் போத்தலைக் கொண்டுவந்து அதே சட்டிக்குள் வைத்தார்.