புதுப்பிப்பு: ப்ராக் போய் வந்தாயிற்று

மூட்டுவலி உள்ள அம்மாவோடு ப்ராக் கோட்டைக்கு எப்படி ஏறுவது, அங்குள்ள பழைய வானியல் கடிகாரம் பார்க்கத் தகுந்ததா என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

கோட்டைக்கு 22-ஆம் எண் டிராம்தான் சரி. ப்ராஷ்ஸ்கி ஹ்ராத் நிறுத்தத்தில் இறங்கினால் மேட்டின் மேலேயே இருப்போம், படி ஏறும் வேலை இல்லை. உள்ளே புனித விட்டஸ் பேராலயம்: 1344-இல் தொடங்கி, 1929-இல்தான் முடித்திருக்கிறார்கள்! செக் ஓவியர் அல்போன்ஸ் மூஹா வடிவமைத்த வண்ணக் கண்ணாடி சன்னலை விட்டு அம்மா நகரவே இல்லை.

கடிகாரம் 1410-ஆம் ஆண்டுடையது. மணிக்கொரு முறை எலும்புக்கூடு பொம்மை மணியடிக்க, இயேசுவின் திருத்தூதர்களின் உருவங்கள் வரிசையாக வந்து போகின்றன. கண்மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடுகிறது. என்னைக் கேட்டால், கூட்டம் கலைந்தபின் நின்று முகப்பைப் பாருங்கள். வெளிவளையம் சூரிய அஸ்தமனத்திலிருந்து 24 மணியை எண்ணும் பழைய போஹிமிய (செக்) நேரத்தைக் காட்டுகிறது. சுவாரசியமே அதில்தான்.

சார்லஸ் பாலத்துக்கு விடியற்காலையில் போங்கள், அவ்வளவுதான். அப்புறம், யாரோ சொன்ன விஷெஹ்ராட் என்ற பழைய குன்றுக் கோட்டை: மெட்ரோ சி தடம், கூட்டம் குறைவு, இசையமைப்பாளர்கள் ட்வோர்ஷாக், ஸ்மெதனா இருவரின் கல்லறைகளும் அங்கேதான். அதற்கு அரை நாள் ஒதுக்குங்கள்.