பேதியாகும் குழந்தைக்கு ஓஆர்எஸ் (உப்பு-சர்க்கரைப் பொடி) கலப்பது எப்படி?

கேள்வி (மன்னார்குடி): 10 மாசக் குழந்தைக்கு நேத்திலிருந்து தண்ணியாப் போகுது. ஓஆர்எஸ் பாக்கெட்டைப் பிரிச்சு, ஒவ்வொரு ஸ்பூனா டம்ளர்ல கலக்கலாமா? அத்தை தாய்ப்பாலை நிறுத்தச் சொல்றாங்க.

பதில் 1: ஸ்பூன் கணக்கு வேண்டாம்மா. உப்பு கூடிட்டா குழந்தைக்கு ஆபத்து. பெரிய பாக்கெட்னா முழுசையும் 1 லிட்டர் தண்ணியில கொட்டுங்க. சின்னதுக்கு உறையில போட்டிருக்கிற அளவு. பம்புசெட் தண்ணி தெளிவா இருந்தாலும் கொதிக்கவெச்சு ஆறவைக்கணும். ஒவ்வொரு தடவை போனதும் 50-100 மில்லி, பாலாடையில கொஞ்சங்கொஞ்சமா. வாந்தி எடுத்தா 10 நிமிஷம் விட்டு மறுபடி. 24 மணி நேரம் ஆனதும் மீதியைக் கொட்டிடுங்க.

பதில் 2: தாய்ப்பாலை நிறுத்தவே கூடாது. குழைஞ்ச சோறும் கொடுங்க. ஜிங்க் (துத்தநாக) மருந்து தினம் 20 மி.கி., 14 நாள். பேதி நின்னாலும் முடிக்கணும்.

பதில் 3: கண் குழி விழுந்தா, வயித்துத் தோலைக் கிள்ளி விட்டதும் மெதுவாத் திரும்பினா, ரத்தம் கலந்தா, குடிக்காம துவண்டா உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போங்க.