வகுப்பைப் பார்க்க வந்தவர்: உங்கள் அனுபவம் என்ன?

நான் அரசு தொடக்கப்பள்ளி ஆசிரியை. மூன்றாம் வகுப்பு, 24 பிள்ளைகள். 2022-இல் தொடக்க வகுப்புப் பிள்ளைகள் எழுத்தும் கணக்கும் கற்பதற்காகத் தமிழக அரசின் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் வந்த பிறகு வகுப்பைப் பார்க்க யாராவது வந்துகொண்டேதான் இருக்கிறார்கள். பெரும்பாலும் பதிவேட்டைப் புரட்டுவார்கள், கற்றல் நிலைக்கேற்ப அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகள் பிரிந்து உட்கார்ந்திருக்கிறார்களா என்று பார்ப்பார்கள், செல்போனில் பதிவு செய்துகொண்டு கிளம்பிவிடுவார்கள். பள்ளி பள்ளியாகப் போய் ஆசிரியர்களுக்கு வழிகாட்டும் ஆசிரியர் பயிற்றுநர்களில் ஒரே ஒருவர் மட்டும் வேறு மாதிரி. நான் நோட்டுகளை எடுத்து நீட்டியதும், “அது அப்புறம் இருக்கட்டும் டீச்சர், இந்த வகுப்பில் உங்களுக்கு எது உறுத்துது, சொல்லுங்க, அதை மட்டும் பார்க்கிறேன்” என்றார். பதினான்கு வருஷத்தில் என்னை யாரும் அப்படிக் கேட்டதில்லை.

கழித்தல் என்றேன். கடன் வாங்கும் கணக்கு வந்தாலே பாதிப் பிள்ளைகள் தப்பாகப் போடுகிறார்கள், எத்தனை முறை சொன்னாலும்.

அவர் என்னைப் பார்க்கவே இல்லை. பின்னால் தரையில் பிள்ளைகளோடு உட்கார்ந்து, 52-இலிருந்து 27 போனால் 35 என்று எழுதியிருந்த ஒரு பையனிடம் எப்படிப் போட்டாய் என்று கேட்டு, அவன் சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டார். மணி அடித்ததும் வராண்டாவில் காட்டினார். “எப்பவும் பெருசுலேருந்துதான் சின்னதைக் கழிக்கணும்னு டீச்சர் சொன்னாங்க. 7-லேருந்து 2 போனா 5.” அது என் வார்த்தை! போன வருஷத்திலிருந்து நானே சொல்லிச் சொல்லிப் பதிய வைத்தது. கவனமில்லாத பையன் என்று நினைத்திருந்தேன், அவன் என் பேச்சை அட்சரம் பிசகாமல் கேட்டிருக்கிறான்.

அப்புறம் இருவரும் சேர்ந்து யோசித்தோம். ஐஸ் குச்சிகளைப் பத்துப் பத்தாகக் கட்டி, 5 கட்டும் 2 உதிரியும் கையில் கொடுத்து 27-ஐ எடுக்கச் சொல்வது, ஒரு கட்டைப் பிரித்தே ஆக வேண்டும் என்று பிள்ளைகளுக்கே தோன்றும் வரை நான் வாயைத் திறக்கக் கூடாது. அடுத்த வாரம் பாடத்தின் முதல் பத்து நிமிடத்தை அவர் நடத்தினார், நான் பின்னால் உட்கார்ந்தேன். மூன்றாவது முறை அவர் வந்தபோது அந்தப் பையன் பக்கத்துப் பிள்ளைக்குக் கட்டைப் பிரித்துக் காட்டிக்கொண்டிருந்தான். எல்லோரும் தேறிவிடவில்லை, ஐந்தாறு பேர் இன்னும் தடுமாறுகிறார்கள், ஆனால் எங்கே தடுமாறுகிறார்கள் என்று இப்போது எனக்குத் தெரிகிறது.

உங்களுக்கு இப்படி யாராவது வாய்த்தார்களா?

*

நான் சில வருஷம் ஆசிரியர் பயிற்றுநராக இருந்தவன், மறுபக்கத்தைச் சொல்கிறேன். அந்தப் பயிற்றுநர் செய்ததில் பெரிய விஷயம், ஒரே வகுப்புக்கு மூன்று முறை வந்தது. எனக்கு அதற்குத்தான் வழியே இருக்காது. புள்ளிவிவரம், கூட்டம், பயிற்சி என்று நாள் ஓடிவிடும், ஒரு பள்ளிக்கு மறுபடி போவதற்குள் பருவமே முடிந்திருக்கும். நான் உருப்படியாகச் செய்தது ஒன்று உண்டு. கேள்வி கேட்ட பிறகு ஆசிரியர் எவ்வளவு நேரம் பொறுக்கிறார் என்று கணக்கெடுத்துக் கொடுப்பேன். அமெரிக்காவில் மேரி பட் ரோ என்பவர் 1970களிலேயே இதை ஆராய்ந்திருக்கிறார். ஆசிரியர்கள் ஏறக்குறைய ஒரு நொடிதான் காத்திருக்கிறார்கள், மூன்று நொடி பொறுத்தால் பிள்ளைகளின் பதில் நீளுகிறது என்று கண்டார். இதை நம்பாத ஒரு சாரை, அவர் போனிலேயே தன் பாடத்தைப் பதிவு செய்து வீட்டில் தனியாகக் கேட்கச் சொன்னேன். மறுநாள் அவரே கூப்பிட்டார். “சார், பதிலையும் நானே சொல்லிடறேன்.”

*

எனக்கு வாய்த்தவர் பிள்ளைகள் முன்னாலேயே சாக்பீஸை வாங்கி, நான் எழுதியதை அழித்துத் திருத்தினார். திருத்தம் சரிதான். ஆனால் அன்றையிலிருந்து யார் வந்தாலும் எனக்கு நன்றாக வருகிற பாடத்தை மட்டும்தான் நடத்துகிறேன், மேலே எழுதிய டீச்சர் மாதிரி ‘இதுதான் எனக்கு வரவில்லை’ என்று சொல்ல வாய் வராது. இப்போது என் பள்ளியிலேயே மூத்த ஆசிரியை ஒருவர், அக்கா என்றுதான் கூப்பிடுவேன், தன் வகுப்புப் பிள்ளைகள் விளையாடப் போகும் வேளையில் என் வகுப்பில் வந்து உட்காருகிறார். இந்த வாரம் பின்னங்கள். எனக்குச் சுத்தமாக வராத பாடம், அதைத்தான் பார்க்கச் சொல்லிக் கேட்டிருக்கிறேன்.