ஒரு மாசமா இருமல், எக்ஸ்ரே சுத்தம்: அதோட விடலாமா?

கேள்வி: வயசு 56. முப்பது வருஷமா பீடி, சேலம் செவ்வாய்ப்பேட்டை கொலுசுப் பட்டறையில வெள்ளியைச் சூடாக்கி ஒட்டுற வேலை. எக்ஸ்ரேயில ஒண்ணுமில்லையாம். சி.டி. ஸ்கேன் எடுக்கணுங்களா?

பதில் 1: எடுக்கணும்ங்க. இதயத்துக்குப் பின்னாலயோ காரை எலும்புக்கு அடியிலயோ சின்ன கட்டி இருந்தா எக்ஸ்ரேயில தப்பிடும். குறைந்த கதிர்வீச்சு சி.டி. அறிகுறியே இல்லாதவங்களுக்கான சோதனை. இருமல் இருக்கறதால எந்த சி.டி.னு நெஞ்சக மருத்துவர் சொல்லட்டும். சளியில ரத்தம், குரல் கம்மல், எடை குறையறது இருந்தா நாள் கடத்தாதீங்க.

பதில் 2: கூடவே காசநோய்க்குச் சளிப் பரிசோதனை. சேலம் மோகன் குமாரமங்கலம் அரசு ஆஸ்பத்திரியில இலவசம். காலையில எழுந்ததும் வாய் கொப்பளிச்சு, ஆழமா இருமி எடுக்கணும். எச்சில் கொடுத்தா முடிவு வீண். சளியில கிருமி இல்லாமலே காசநோய் மாத்திரை ஆரம்பிச்சு, சி.டி.யில தெரியற நிழல் குறையலைன்னா பயாப்சி (சதைத் துணுக்கு எடுத்துச் சோதிக்கறது) கேளுங்க. இங்கதான் பலருக்கு மாசக்கணக்கா போயிடுது.

பதில் 3: பற்றாசுல (வெள்ளியை ஒட்ட உருக்கற உலோகக் கலவை) காட்மியம்ங்கற உலோகம் இருக்கான்னு பாருங்கண்ணா. அந்தப் புகை நுரையீரல் புற்றுநோய்க்கு உறுதியான காரணி. துண்டு கட்டினா நிக்காது. காட்மியம் இல்லாத பற்றாசு, ஊதுகுழல் பக்கத்துலயே புகையை வெளியே இழுக்கற ஃபேன். என்95 போட்டாலும் தாடி இருந்தா ஓரத்துல கசியும். பீடி? அதை இன்னிக்கே விடுங்க.