முதலமைச்சர் காப்பீட்டு அட்டைக்கு எந்த எண் வேண்டும்? ஆபா எண் போதாதா?

செய்யாறுவாசி கேட்டது:
அப்பா, அம்மா இருவருக்கும் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீடு வேண்டும். கம்ப்யூட்டர் சென்டரில் 14 இலக்க ஆபா எண் போட்ட அட்டை எடுத்துக் கொடுத்தார்கள். ஆஸ்பத்திரி காப்பீட்டுக் கவுண்டரில் அது செல்லாது, யு.ஆர்.என். எண் வேண்டும் என்கிறார்கள். ரேஷன் கார்டில் அப்பாவுக்கு இனிஷியல் இல்லை, ஆதாரில் இருக்கிறது. முதலில் எதைச் செய்வது?

வருவாய்க்காரன்:
கவுண்டரில் சொன்னது சரிதான். ஆபா என்பது உங்கள் மருத்துவப் பதிவுகளைச் சேர்த்து வைக்கும் எண். அதற்கும் காப்பீட்டுத் தகுதிக்கும் தொடர்பில்லை, வசதியானவர்கூட எடுக்கலாம். யு.ஆர்.என். என்பது திட்டத்தில் குடும்பத்தைப் பதிவு செய்தபின் கிடைப்பது. அதற்கு மூன்று தாள் வேண்டும்: ரேஷன் கார்டு, அதில் பெயருள்ள எல்லோரின் ஆதார், வருமானச் சான்று. குடும்பத்தின் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். பழைய 72,000 வரம்பை இன்னும் சொல்லிக்கொண்டிருப்பவர்கள் உண்டு, நம்ப வேண்டாம்.

வருமானச் சான்றுக்கு இ-சேவை மையத்தில் 'ரெவ்-103' என்று கேளுங்கள். அதற்கு முன் 'கேன்' எண் (இ-சேவையில் விண்ணப்பிக்க ஒவ்வொருவருக்கும் தரும் அடையாள எண்) பதிய வேண்டும். கேன் பதியும்போது பெயரை ஆதாரில் உள்ளபடியே போடச் சொல்லுங்கள். அங்கே பிழைத்தால் சான்றிலும் அதே பிழை ஏறிவிடும். சான்று வந்ததும் கலெக்டர் ஆபீஸில் உள்ள காப்பீட்டுப் பதிவு மையத்துக்குப் போகலாம்.

ஒரு எச்சரிக்கை: ஆதார் எண்ணும் ஸ்மார்ட் கார்டு (இப்போதைய ரேஷன் கார்டு) எண்ணும் இரண்டுமே 12 இலக்கம். படிவத்தில் கட்டம் மாற்றி எழுதிவிட்டு 'பதிவு இல்லை' என்று திரும்புபவர்கள் நிறைய.

பழைய கார்டு:
புதிதாகப் பதியுமுன் ஏற்கெனவே பதிவு இருக்கிறதா என்று பாருங்கள் தம்பி. ஸ்மார்ட் கார்டு வந்தது 2017-இல், இந்தத் திட்டமோ 2012-இலேயே ஓடத் தொடங்கிவிட்டது. அப்போது பதிந்த குடும்பங்கள் பழைய புத்தகக் கார்டின் எண்ணில் கிடக்கலாம். திட்டத்தின் இணையதளத்தில் புது எண்ணைப் போட்டுத் தேடினால் ஒன்றும் வராது, பழைய எண்ணைப் போட்டால் வந்துவிடும். வந்தால் யு.ஆர்.என். கையில் இருக்கிறது என்று அர்த்தம், மின் அட்டையை அச்செடுத்துக்கொள்ளலாம்.

இனிஷியலுக்கு ரேஷன் கார்டைத் திருத்துங்கள், ஆதாரைத் தொடாதீர்கள். ஆதாரில் பெயரை இரண்டு முறைதான் மாற்ற முடியும், பிறந்த தேதியை ஒரே முறை. ரேஷன் கார்டுத் திருத்தத்தை உணவு வழங்கல் துறை இணையதளத்திலேயே கேட்கலாம்.

செய்யாறுவாசி:
நன்றி சார். அம்மா பெயர் அண்ணன் கார்டில் இருக்கிறது. அப்பா என் கார்டில். அதனால் சிக்கல் வருமா?

வருவாய்க்காரன்:
வரும். காப்பீடு ஆளுக்கு இல்லை, குடும்பத்துக்கு. ஆண்டுக்கு 5 லட்சம் என்பது கார்டில் உள்ள எல்லோருக்கும் சேர்த்து. அம்மா உங்கள் அண்ணன் கணக்கில்தான் வருவார், அண்ணனின் வருமானம் வரம்பைத் தாண்டினால் அம்மாவுக்கும் கிடைக்காது. ஒரே கார்டில் சேர்க்க வேண்டுமானால் முதலில் அண்ணன் கார்டில் பெயர் நீக்கம், அது ஏற்கப்பட்ட பிறகு உங்கள் கார்டில் சேர்ப்பு. ஒரே ஆதார் இரண்டு கார்டில் நிற்காது. அவசரப்பட்டு இரண்டையும் ஒன்றாக விண்ணப்பித்தால் சேர்ப்பு தள்ளுபடியாகும்.

வார்டுப் பக்கம்:
பெரியவர்களுக்கு இன்னொன்று. வேலை செய்த கைகளில் ரேகை தேய்ந்திருக்கும், பதிவின்போது கைரேகைக் கருவி ஏற்காது. ஓடிபி வழி போகலாம் என்றால் ஆதாரில் இருப்பது எப்போதோ தொலைந்த நம்பர். ஆகவே மொபைல் எண்ணை ஆதார் மையத்தில் முன்னதாகவே புதுப்பித்து வையுங்கள். அதுவும் ஆகாவிட்டால் கண் கருவிழிப் பதிவு உண்டா என்று கேளுங்கள்.

அட்டை வந்துவிட்டது என்று எந்த ஆஸ்பத்திரியிலும் படுத்துவிட வேண்டாம். திட்டப் பட்டியலில் உள்ள ஆஸ்பத்திரியா, அந்தச் சிகிச்சைக்கு அங்கே அனுமதி உண்டா என்று 1800 425 3993-இல் கேட்டுக்கொள்ளுங்கள், கட்டணமில்லா எண். ஆஸ்பத்திரி முன் அனுமதி கேட்டு வாங்கிய பிறகுதான் அறுவை சிகிச்சை. கைக்காசைக் கட்டிவிட்டுப் பின்னால் ரசீதோடு போனால் திரும்பக் கிடைக்காது.

மண்டபம்:
இலங்கைத் தமிழர் முகாமில் உள்ளவர்கள் இதைப் படித்தால்: உங்களுக்கு வருமான வரம்பு கிடையாது. வருமானச் சான்று கேட்டுத் திருப்பி அனுப்பினால் இதைச் சொல்லுங்கள்.