ஜூனில் கவாத்து, மார்ச்சிலிருந்து கணக்கு: திராட்சைக்கு இந்தச் செயலிகள் ஒத்துவருமா?

பந்தல்வாசி:
கம்பம் பக்கத்துச் சுருளிப்பட்டியில் அப்பாவுக்கு ஒன்றரை ஏக்கர் பன்னீர் திராட்சை. ஜூன் 8 கவாத்து (பழைய குச்சிகளை வெட்டிவிடுவது) முடித்தோம். வியாபாரி இப்போதே “எப்போ வெட்டு, எத்தனை டன் தேறும்” என்கிறார். வெளிநாட்டுச் செயலி ஒன்றில் ஊரையும் ரகத்தையும் கொடுத்தேன். பூப்பு ஏப்ரலிலேயே முடிந்துவிட்டதாம்! பந்தலில் இப்போதுதான் மொட்டுக்கண் விழிக்கிறது. எங்கே தப்பு?

நாள்கணக்கு:
செயலி அதன் ஊருக்குச் சரியாகத்தான் சொல்கிறது. ஐரோப்பாவில் குளிரில் தூங்கிய கொடி வசந்தத்தில் எழும். அங்கே பரவலாகப் பயன்படுத்தும் ஒரு கணிப்பு மாதிரி, மார்ச் 1 முதல் தினமும் சராசரி வெப்பத்தை எதுவும் கழிக்காமல் கூட்டிக்கொண்டே போகும். காபர்னே சாவினியோன் என்ற ஒயின் திராட்சை ரகம் பூக்க ஏறத்தாழ 1,300 டிகிரி. கம்பத்தில் நாளுக்கு 28 வைத்தால் ஏப்ரல் நடுவில் 1,300 வந்துவிடும்.

நம் கொடிக்குக் குளிர்காலத் தூக்கம் ஏது? கத்தரி பட்ட நாள்தான் அதற்கு வருசப் பிறப்பு. அதனால் ஜூன் 8-இலிருந்து கூட்டுங்கள். அதற்குக் கீழே கொடி வளராது என்பதால் நான் 10 டிகிரியைக் கழித்துப் போடுவேன்: அதிகபட்சம் 33, குறைந்தபட்சம் 23 என்றால் சராசரி 28, அன்றைய வரவு 18. என் நோட்டில் கவாத்து முதல் பழ வெட்டு வரை 2,000-ஐ ஒட்டித்தான் வருகிறது. மூட்டமான போகத்தில் நாள் கூடும், கூட்டுத்தொகை பெரிதாக மாறாது. உங்கள் தோட்டத்து எண்ணை இரண்டு மூன்று போகம் எழுதித்தான் பிடிக்க வேண்டும்.

டன் கணக்கு வேறு கதை. போகத்துக்குப் போகம் மகசூல் ஏறி இறங்குவதில் 60, 70 சதவீதம் குலை எண்ணிக்கையால்தான்; பழத்தின் எடைக்குப் பங்கு கம்மி. அந்தக் குலைக்கான கரு போன போகத்திலேயே கண்ணுக்குள் உருவாகிவிடும். அப்போது வெயில் குறைந்து, பந்தலும் இலை மண்டிக் கிடந்தால் குலையாக வேண்டியது கொடி பற்றிக்கொள்ளும் சுருளாகப் போய்விடும். இந்த ஜூன் வெப்பத்தை மட்டும் வாங்கிக்கொள்ளும் மாதிரிக்கு அது எப்படித் தெரியும்?

கா.கா.பட்டி விவசாயி:
தம்பி, அதுக்கு நாங்க செய்யுறது: கவாத்துக்கு மூணு வாரம் முந்தி, முத்தின குச்சியை ஒத்தைக்கண் துண்டா வெட்டித் தண்ணியில நிறுத்தி வைப்போம். துளிர்ல குலை எட்டிப் பார்க்கும். எத்தனையாவது கண்ணுல குலை இருக்குன்னு பார்த்துட்டு அந்தக் கண்ணை விட்டு அதுக்கு மேல கத்தரி வைப்போம். இந்தத் தடவை உங்களுக்குக் காலம் கடந்துருச்சு. பூங்கொத்து வெளியே வந்ததும் இருபது கொடியில எண்ணிப் பாருங்க. அதுவரைக்கும் வியாபாரிகிட்ட டன் கணக்குப் பேசாதீங்க.

பந்தல்வாசி:
நன்றி அண்ணே. செயலியில் கவாத்துத் தேதி போடப் பார்த்தேன், அதற்குக் கட்டமே இல்லை. எக்செல்லில் ஜூன் 8 முதல் வரிசை ஆரம்பித்துவிட்டேன். அப்பா சுவரில் கரியால் எழுதி வைத்த பழைய கவாத்துத் தேதிகளும் இருக்கின்றன. போன வருசம் வெள்ளையடித்ததில் பாதி போய்விட்டது.